லயக் காம்பராவிலிருந்து ஒரு வானொலி

இலங்கையின் முதல் வானொலி எதிரிக் கப்பலொன்றின் உதிரிப் பாகங்களால் ஆனது. முதலாம் உலகப் போரில் பிடிபட்ட ஜெர்மன் நீர்மூழ்கியின் வானொலிக் கருவிகளைக் கழற்றியெடுத்து, கொழும்புத் தந்தித் திணைக்களப் பொறியியலாளர்கள் 1923 இல் ஒரு ஒலிபரப்பியைக் கட்டினார்கள். மத்திய தந்தி அலுவலகத்தின் சின்ன அறையில் கிராமபோன் தட்டைச் சுழலவிட்டு அந்த இசையைக் காற்றில் அனுப்பினார்கள். இதற்கெல்லாம் முன்னின்றவர் தலைமைப் பொறியியலாளர் எட்வர்ட் ஹார்ப்பர். அவர் சம்பளம் வாங்கியது தந்திக்காக. வானொலி அவருடைய ஆசை. 1925 டிசம்பர் 16 அன்று கொழும்பு வானொலி முறைப்படி தொடங்கியபோது, லண்டனில் பிபிசி பிறந்து மூன்று வருடங்களே ஆகியிருந்தன.

இருபது வருடம் கழித்தும் கதை பெரிதாக மாறவில்லை. இரண்டாம் உலகப் போரில் தென்கிழக்காசியப் படைத் தலைமையகம் தன் சிப்பாய்களுக்குப் பாட்டும் செய்தியும் கேட்கவைக்க இங்கே சக்திவாய்ந்த சிற்றலை ஒலிபரப்பி ஒன்றை நிறுவியது. போர் முடிந்தது, சிப்பாய்கள் போனார்கள், ஒலிபரப்பி இங்கேயே தங்கிவிட்டது. அது இலங்கை அரசின் கைக்கு வந்தபிறகுதான் 1949 இல் ரேடியோ சிலோன் எழுந்தது. அறிவிப்பாளர் எஸ்.பி. மயில்வாகனனின் குரல் தமிழ்நாட்டுத் தேநீர்க் கடைகள்வரை போனதும், பின்னால் கே.எஸ். ராஜாவும் பி.எச். அப்துல் ஹமீதும் கடல் கடந்து பெயர் பெற்றதும் அந்த வழியில்தான்.

இரண்டு தடவையும் பிறர் விட்டுப்போன சாமானில் இருந்துதான் இந்த நாட்டில் வானொலி முளைத்தது. காசில்லாமல் வானொலி நடத்த முடியுமா என்று கேட்கும் இளைஞர்களுக்கு முதலில் சொல்ல வேண்டிய செய்தி இதுதான். இன்றைக்குத் தோட்டத் தொழிலாளர் வாழும் ஒவ்வொரு லயக் காம்பராவிலும் கண்ணாடி வெடித்த பழைய போன் ஒன்று அலுமாரிக்கு மேலே கிடக்கிறது. ஹார்ப்பரின் அறையில் இருந்த அத்தனை கருவிகளும் சேர்ந்து செய்ததைவிட அதிகமாக அந்தப் போன் செய்யும்.

வரைபடத்தில் விடுபட்ட மலையகம்

கொழும்பில் இருந்து இரத்தினபுரிக்குப் போகும் ஏ-4 வீதியில், அவிசாவளை தாண்டிச் சிறிது தூரத்தில் எஹலியகொட. இப்படியொரு வானொலி தேவைப்படுவது இந்தப் பக்கத்துத் தோட்டங்களுக்குத்தான். ஒரு காலத்தில் களனிவெளிச் சிறுரயில் இந்த ஊர் வழியாக இரத்தினபுரிக்கும் அதற்கப்பால் ஓபநாயக்கவுக்கும் போனது. தேயிலையையும் இறப்பரையும் துறைமுகத்துக்கு இறக்குவதற்காகப் போட்ட குறுகிய பாதை. அவிசாவளைக்கு அப்பாலான அந்தப் பகுதியை 1976 இல் மூடிவிட்டார்கள். ரயில் நின்றுபோனது, தோட்டங்கள் அப்படியே இருக்கின்றன, தோட்டத்து மக்களும் இருக்கிறார்கள்.

மலையகம் என்று சொன்னதும் நம் கண்ணில் ஹட்டனும் நுவரெலியாவும் தலவாக்கலையும் வருகின்றன. மூடுபனி, பச்சைக் கம்பளம், கூடை சுமந்த பெண்: கலண்டர்ப் படம் அங்கேதான் எடுக்கப்படுகிறது. எஹலியகொட அடங்கிய சப்ரகமுவ மலையகம் அந்தப் படத்துக்குள் வருவதில்லை. இங்கே உயரம் குறைவு, வெக்கை அதிகம், மழை அதைவிட அதிகம். இரத்தினபுரிப் பக்கம் வருடத்துக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் கொட்டுகிறது. தேயிலையோடு இறப்பரும் வளர்கிறது. தோட்டங்கள் சின்னவை, சிங்களக் கிராமங்களுக்கு நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக் கிடப்பவை. நுவரெலியா மாவட்டத்தில் ஒரு தோட்டத்தில் சொன்னது அடுத்த தோட்டத்துக்கு அன்றைக்கே போய்ச் சேரும். இங்கே ஒரு தோட்டத்துக்கும் அடுத்த தமிழ்த் தோட்டத்துக்கும் நடுவே இரண்டு கிராமமும் ஓர் ஓடையும் இருக்கும்.

இந்தச் சிதறலுக்குள் ஒரு வரலாறும் இருக்கிறது. தமிழர்களுக்கெதிரான 1977, 1981, 1983 வன்முறைகள் இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்களை நேரடியாகத் தாக்கின. பல குடும்பங்கள் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் ஓடின. தங்கியவர்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். பஸ்ஸில் சிங்களம், கடையில் சிங்களம், லயத்துக்குள் வந்தபிறகுதான் தமிழ் என்று ஒரு தலைமுறை வளர்ந்தது. அதற்கடுத்த தலைமுறையில் லயத்துக்குள்ளும் சிங்களம் நுழைந்துவிட்டது. அது குற்றமில்லை, வாழும் வழி. ஆனால் பாட்டி சொல்லும் கதையின் பாதி பேத்திக்கு விளங்காத வீடுகள் இங்கே இருக்கின்றன.

1998 இல் சக்தியும் சூரியனும் வந்து தனியார் தமிழ் எஃப்எம் பெருகியபோது இங்கேயும் ரேடியோ ஒலித்தது, இன்னும் ஒலிக்கிறது. அந்த அலைவரிசைகளில் பிறந்தநாள் வாழ்த்து வரும், படப்பாட்டு வரும், இந்தியக் கிரிக்கெட் வரும். எஹலியகொட பக்கத்துத் தோட்டமொன்றில் மூன்று நாளாகத் தண்ணீர்க் குழாய் வரவில்லை என்பது மட்டும் வராது. கொழும்பில் இருந்து பேசும் வானொலியிடம் அதை எதிர்பார்க்கவும் கூடாது. அதைச் சொல்வதற்குப் பக்கத்து லயத்துக்காரர்தான் வேண்டும்.

கொத்மலையில் நடந்தது

இப்படியொரு வானொலியை மலைநாட்டிலேயே ஒருமுறை முயன்று பார்த்தார்கள், அதுவும் இணையத்தோடு சேர்த்து. உலகம் முழுக்க ஊடக மாணவர்கள் படிக்கும் கதை அது; நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும் என்பதுதான் கேள்வி.

மகாவலித் திட்டத்தில் அணை கட்டப்பட்டபோது கிராமங்கள் நீருக்குள் போயின, மக்கள் புதிய இடங்களில் குடியேற்றப்பட்டார்கள். அவர்களுக்காக 1981 இல் மகாவலி சமூக வானொலி தொடங்கியது. அதன் வேலைமுறையே தனி. ஒலிப்பதிவுக் குழு ஒரு கிராமத்துக்குப் போய் நாட்கணக்கில் அங்கேயே தங்கும், சனங்களோடு சாப்பிடும், பாடும், சண்டையையும் கேட்கும். பிறகு அங்கே பதிந்ததை ஒலிபரப்பும். கலையகத்துக்கு ஆளை அழைப்பதற்குப் பதில் ஒலிவாங்கியை ஆளிடம் கொண்டுபோனார்கள்.

அதன் தொடர்ச்சியாக 1989 இல் கொத்மலை சமூக வானொலி வந்தது. குன்றொன்றின் மேல் சின்னக் கட்டடம், எட்டும் தூரம் சுமார் இருபது கிலோமீற்றர். 1998 இல் யுனெஸ்கோவின் உதவியோடு அந்தக் கட்டடத்துக்கு இணைய இணைப்பு வந்தது. கம்பளை, நாவலப்பிட்டி நூலகங்களிலும் கணினி வைத்தார்கள். அந்தக் காலத்தில் கொழும்பிலேயே இணையம் பார்த்தவர்கள் குறைவு.

கொத்மலைக்காரர்கள் செய்த காரியம் இதுதான். நேயர் ஒருவர் தபால் அட்டையிலோ தொலைபேசியிலோ ஒரு கேள்வி கேட்பார். மாட்டுக்கு வந்த நோயாக இருக்கலாம், பிள்ளையின் படிப்பாக இருக்கலாம். அறிவிப்பாளர் நிகழ்ச்சி நடந்துகொண்டிருக்கும்போதே இணையத்தில் தேடுவார். பக்கத்தில் ஒரு மருத்துவரோ சட்டத்தரணியோ உட்கார்ந்திருப்பார். ஆங்கிலத்தில் கிடைத்ததை இருவரும் படித்து, ஊர் மொழியில் விளக்குவார்கள். கணினியைத் தொட்டே பார்க்காத ஆயிரக்கணக்கானவர்கள் ஒரு கணினியின் வழியாக இணையத்தைக் கேட்டார்கள். ‘வானொலி வழி உலாவல்’ என்று இதற்குப் பெயர் வைத்து மற்ற நாடுகளும் பார்த்துப் பின்பற்றின.

அந்த நிலையத்துக்கு வந்த இணைப்பின் வேகம் நொடிக்கு 64 கிலோபிட். இன்றைக்கு எஹலியகொட டவுனில் பஸ்ஸுக்கு நிற்கும் பையனின் சட்டைப்பைக்குள் அதைப்போலப் பல மடங்கு இருக்கிறது.

ஆனால் கொத்மலையின் சுவிட்ச் யார் கையில் இருந்தது? நிலையம் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்துக்குச் சொந்தம். ‘சமூக’ என்பது பெயரில் இருந்தது, அதிகாரம் கொழும்பில் இருந்தது. 1966 ஆம் ஆண்டின் 37 ஆம் இலக்கச் சட்டப்படி தனியார் ஒலிபரப்புக்கு அனுமதி கொடுப்பது அமைச்சரின் கையில். சமூக வானொலிக்கென்று தனியான அனுமதி முறை இங்கே உருவாகவில்லை. 1997 இல் அரசு ஒலிபரப்பு அதிகாரசபை மசோதா ஒன்றைக் கொண்டுவந்தது. அதை உயர் நீதிமன்றம் அரசியலமைப்புக்கு முரணானது என்று நிறுத்தியது. நல்ல தீர்ப்பு. அதற்குப் பிறகு நல்ல சட்டம் வந்திருந்தால் இன்னும் நல்லது.

அனுமதி இல்லாத ஆர்வத்துக்கு என்ன நடக்கும் என்பதை பீகாரில் பார்க்கலாம். வைசாலி மாவட்டத்தின் மன்சூர்பூர் கிராமத்தில் ரேடியோ திருத்தும் கடை வைத்திருந்த ராகவ் மகதோ ஐம்பது ரூபாய்ச் சாமானில் எஃப்எம் ஒலிபரப்பி செய்தார். மூங்கில் கம்பத்தில் அன்டெனா கட்டினார். பாட்டு, உள்ளூர்ச் செய்தி, காணாமல்போன பிள்ளைகள் பற்றிய அறிவிப்பு எல்லாம் போனது. 2006 பெப்ரவரியில் பிபிசி அவரைப் பற்றி எழுதியது. அடுத்த மாதமே அதிகாரிகள் வந்து நிலையத்தை மூடினார்கள். புகழ்தான் அவரைக் காட்டிக் கொடுத்தது.

இணைய வானொலிக்கு அலைவரிசை தேவையில்லை. கம்பமும் தேவையில்லை. ஆகவே ராகவ் மகதோ விழுந்த குழியில் நாம் விழ வேண்டியதில்லை.

எப்படிச் செய்வது

செய்முறை சின்னதுதான். மூன்று பேர் வேண்டும் என்று சிலர் நினைப்பார்கள், ஒருவர் போதும். இரண்டாமவர் இருந்தால் சிரிப்பு வரும், கேட்பவருக்கு அது பிடிக்கும்.

நீங்கள் பேசும் குரலை உங்கள் போனோ கணினியோ பிடித்து, சுருக்கி, இணையத்தில் எங்கோ இருக்கும் ஒரு சேர்வருக்கு அனுப்புகிறது. கேட்பவர்கள் எல்லோரும் அந்தச் சேர்வரிடம் இருந்து எடுத்துக் கேட்கிறார்கள். அதனால் இருபது பேர் கேட்டாலும் இருநூறு பேர் கேட்டாலும் உங்கள் போனில் இருந்து போவது ஒரே ஒரு ஓடைதான். இதைப் புரிந்துகொள்ளாமல் ‘நிறையப் பேர் கேட்டால் என் டேட்டா தீர்ந்துவிடுமே’ என்று பயப்படுகிறவர்கள் உண்டு. பயப்பட வேண்டியவர் கேட்பவர்.

சேர்வர் மென்பொருளான ‘ஐஸ்காஸ்ட்’ 1990களின் இறுதியில் இருந்து இலவசமாகக் கிடைக்கிறது. உலகத்தின் பல சின்ன வானொலிகள் இன்னும் அதில்தான் ஓடுகின்றன. அதை நிறுவிப் பராமரிக்கத் தெரியாதவர்களுக்கு ‘ஸீனோ’ போன்ற சேவைகள் இலவசமாக இடம் தருகின்றன. பதிலுக்கு விளம்பரத்தைச் சொருகும். கணினியில் இருந்து ஒலியை அனுப்ப ‘பட்’ என்ற குட்டி மென்பொருள், பதிந்ததை வெட்டி ஒட்ட ‘ஓடாசிட்டி’. இரண்டும் காசு கேட்பதில்லை. கணினி இல்லையென்றால் போனிலேயே இந்த வேலையைச் செய்யும் செயலிகள் கிடைக்கின்றன. ஒலிவாங்கிக்கு இயர்போனில் தொங்கும் குட்டி மைக்கே போதும். வாயில் இருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்தால் மூச்சுச் சத்தம் வராது.

இனி லயத்துக்கே உரிய தொல்லைகள். தகரக் கூரையில் மழை விழுந்தால் உள்ளே பேசுவது பக்கத்தில் இருப்பவருக்கே கேட்காது, வானொலி எங்கே? எஹலியகொட மழை மாலையில் வரும், அறிவித்துவிட்டும் வராது. அடுத்த காம்பராவின் குழந்தை அழுகை, தொலைக்காட்சி நாடகம், மச்சான்மாரின் வாக்குவாதம் எல்லாம் சுவருக்கு மேலே உள்ள இடைவெளியால் இறங்கி வரும். அதனால் நேரடி ஒலிபரப்பு என்ற கௌரவத்தை விட்டுவிடலாம் என்பது என் கட்சி. மழையில்லாத காலையில், போர்வையைத் தலைக்கு மேல் போர்த்திக்கொண்டு பதிவு செய்யுங்கள். போர்வைக்குள் எதிரொலி அடங்கிவிடும். குரல் கலையகத்தில் பேசியதுபோலவே கேட்கும். சொன்ன நேரத்துக்குப் பதிவை ஓடவிடுங்கள்.

நேரடியாகத்தான் போவேன் என்பவர்களுக்கு ஒரு சங்கதி. உங்கள் வாயில் இருந்து கிளம்பியது நேயரின் காதுக்குப் போகப் பத்து முதல் முப்பது வினாடிவரை பிந்தும். தொலைபேசியில் நேயரை எடுத்தால் அவர் தன் ரேடியோவை நிறுத்திவிட்டுப் பேச வேண்டும். இல்லாவிட்டால் அரை நிமிடத்துக்கு முன் தான் சொன்ன வணக்கத்தைத் தானே கேட்டுத் திகைத்து நிற்பார்.

யாருடைய காசு

காசில்லாத வானொலி என்று எல்லோரும் சொல்கிறார்கள். நடத்துபவருக்குக் காசில்லை, சரி. கேட்பவருக்கு?

எஃப்எம் ரேடியோவைக் கேட்க பற்றரி போதும். இணைய வானொலிக்கு ரீலோட் வேண்டும். நாட்கூலி ஆயிரம் ரூபாயாவதற்கு 2021 வரை வருடக்கணக்கில் போராட வேண்டியிருந்த மக்களிடம், எங்கள் நிகழ்ச்சிக்கு டேட்டா செலவழியுங்கள் என்று கேட்பது சின்ன விஷயமில்லை. ஆகவே கணக்குப் பார்க்க வேண்டும். நொடிக்கு 128 கிலோபிட் தரத்தில், படப்பாட்டு ஸ்டீரியோவில் மின்ன அனுப்பினால் ஒருவர் ஒரு மணி நேரம் கேட்க 57.6 மெகாபைட் போகும். அதையே 24 கிலோபிட்டுக்கு இறக்கினால் 10.8 மெகாபைட். ‘ஓபஸ்’ என்ற சுருக்கும் முறை 2012 இல் பொதுத் தரமாக ஏற்கப்பட்டது. அதில் 24 கிலோபிட்டில் பேச்சு துலக்கமாகக் கேட்கும். பாட்டு கொஞ்சம் மெலிந்து கேட்கும். பேச்சு வானொலி நடத்துங்கள் என்று சொல்வதற்கு இது ஒரு காரணம். வேறு காரணத்துக்குப் பின்னால் வருகிறேன்.

நிகழ்ச்சியை அரை மணி நேரமாக வைத்தால் ஒரு நேயருக்கு 5.4 மெகாபைட். யூடியூப்பில் ஒரு பாட்டைப் படத்தோடு பார்ப்பதைவிட அது குறைவு. நிகழ்ச்சி முடிந்ததும் அதே கோப்பை வட்ஸ்அப் குழுக்களில் போட்டுவிடலாம். சிக்னல் இல்லாத லயத்துக்காரர் டவுனுக்குச் சாமான் வாங்க வரும்போது அதை இறக்கிக்கொண்டு போய் இரவில் கேட்பார். நேரடியாகக் கேட்டால்தான் வானொலி என்ற இலக்கணத்தைக் காப்பாற்ற யாருக்கும் அவசரமில்லை.

போனே இல்லாத கிழவிகள்? கோயில் திருவிழா ஒலிபெருக்கி இருக்கவே இருக்கிறது. பூசை முடிந்ததும் அரை மணி நேரம் போடக் கோயில் தலைவர் ஒத்துக்கொண்டால் போதும். ஒத்துக்கொள்ளவைப்பது அறிவிப்பாளரின் முதல் திறமை.

நேரமும் ஒரு செலவுதான். இறப்பர் தோட்டத்தில் பால்வெட்டு விடியலில் தொடங்குகிறது. வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறையும். வாளி சுமந்து பால் கொடுத்துவிட்டு வீடு வந்து சேரும்போது உடம்பு சோர்ந்துபோகும். இரவு ஒன்பது மணிக்கு நிகழ்ச்சி வைத்தால் பால்வெட்டுகிறவர்களில் பாதிப்பேர் தூங்கியிருப்பார்கள். கொழும்பில் கடையிலும் ஆடைத் தொழிற்சாலையிலும் நிற்கும் பிள்ளைகளுக்கு ஒன்பது மணிதான் வசதி. இரண்டையும் ஒரே நேரத்தில் பிடிக்க முடியாது. இரவு ஏழரை என்று வைத்து, பதிவை வட்ஸ்அப்பில் விட்டால் சமாளிக்கலாம். எந்த நேரமாக இருந்தாலும் மாற்றக் கூடாது. நேரம் மாறும் வானொலியை மூன்றாவது வாரம் யாரும் தேடமாட்டார்கள்.

மீண்டும் காசுக்கு வந்தால், பொலிவியாவின் தகரச் சுரங்கத் தொழிலாளர்கள் 1940களின் இறுதியில் இருந்து தங்கள் கூலியில் ஒரு பங்கைப் போட்டு வானொலி நிலையங்களை நடத்தினார்கள். சுரங்கத்துக்குச் சுரங்கம் ஒரு நிலையம், எல்லாம் தொழிற்சங்கத்துக்குச் சொந்தம். திருமண அறிவிப்பும் அதில்தான், வேலைநிறுத்த அறிவிப்பும் அதில்தான். 1980 ஜூலையில் இராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது அந்த நிலையங்கள் ஒன்றோடொன்று சங்கிலியாக இணைந்து நாட்டுக்குச் செய்தி சொல்லின. படைகள் ஒவ்வொன்றாக வந்து அவற்றைப் பிடிக்கும்வரை பேசிக்கொண்டே இருந்தன. நம் தோட்டத் தொழிலாளியின் சம்பளத்தில் இருந்தும் மாதாமாதம் சங்கச் சந்தா வெட்டப்படுகிறது. பல பத்தாண்டுகளாக வெட்டப்படுகிறது. அதில் ஒரு சல்லியாவது தொழிலாளியின் கையில் ஒலிவாங்கியாகத் திரும்பி வந்திருக்கிறதா என்று சங்கத் தலைவர்களிடம் கேட்கலாம். கேட்பதற்கும் ஒரு வானொலி வேண்டும்.

எதைப் பேசுவது, எதைப் பாடுவது

காசில்லாமல் தொடங்குகிறவர்கள் எல்லோரும் முதலில் செய்வது படப்பாட்டுப் போடுவது. அங்கேதான் தடுக்கி விழுவார்கள். இளையராஜா தன் பாட்டுகளின் உரிமைக்காக நீதிமன்றம்வரை போனவர் என்பது எல்லோருக்கும் தெரியும். இலங்கையிலும் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் இருக்கிறது. பெரிய நிலையங்கள் உரிமைக்குப் பணம் கட்டுகின்றன. நீங்கள் கட்ட முடியாது. ஒரு நாள் சேவை நிறுவனமே உங்கள் நிகழ்ச்சியைத் தூக்கிவிடும். அதற்கும் மேலே, படப்பாட்டு போடும் வானொலிகள் ஆயிரம் இருக்கின்றன. ஆயிரத்தொன்றாவது எதற்கு?

மலையகக் கவிஞர் சி.வி. வேலுப்பிள்ளை தோட்டந்தோட்டமாகக் கேட்டுத் திரட்டிய பாட்டுகள் ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ என்று புத்தகமாயின. அவர் திரட்டியபோது பாடியவர்கள் போய்விட்டார்கள். அந்தப் பாட்டுகளின் பேத்திகள் சப்ரகமுவ லயங்களில் இன்னும் யாரோ ஒரு கிழவியின் தொண்டைக்குள் இருக்கக்கூடும். தாலாட்டும் ஒப்பாரியும் யாருக்கும் உரிமைப் பணம் கேட்காது. காமன் கூத்தில் தப்படிக்கிறவரைப் பிடித்து, ஒவ்வோர் அடிக்கும் என்ன பெயர் என்று கேட்டால் ஒரு முழு நிகழ்ச்சி தேறும். மகாவலிக்காரர்கள் செய்ததுபோல, மைக்கோடு அவர்கள் வீட்டு வாசலுக்குப் போக வேண்டும்; ‘ஸ்டூடியோவுக்கு வாங்க’ என்றால் வரமாட்டார்கள்.

மீதி நேரத்துக்கு விஷயத்துக்குப் பஞ்சமில்லை. ஊழியர் சேமலாப நிதியை எடுப்பதற்கு எந்தப் படிவம், பிறப்புச் சான்றிதழில் பெயர் பிழையாக இருந்தால் யாரிடம் போவது, பிரதேச செயலகத்தில் தமிழில் படிவம் கேட்கும் உரிமை, உயர்தரத்தில் விஞ்ஞானம் படிக்கத் தமிழ்ப் பாடசாலை எங்கே இருக்கிறது. கொத்மலையில் அறிவிப்பாளர் இணையத்தில் தேடிச் சொன்னதை நீங்கள் போனிலேயே தேடிச் சொல்லலாம். படிவத்தை ஒருதடவை வாசித்து விளக்கினால் பத்துப் பேரின் ஒரு நாள் கூலி மிஞ்சும்.

ஐந்து நிமிடம் சிங்களத்திலும் பேச வேண்டும் என்பேன். சிலருக்குக் கோபம் வரும். இறப்பர் மரங்களுக்கு அந்தப் பக்கத்துக் கிராமத்துக்காரர் தமிழ் வானொலியைச் சந்தேகமாகப் பார்க்க வழியிருக்கக் கூடாது. இந்த மாவட்டத்தின் வரலாறு தெரிந்தவர்களுக்குக் காரணம் விளங்கும். அதோடு நம் பிள்ளைகளில் பலர் அந்த ஐந்து நிமிடத்தால்தான் மீதி இருபத்தைந்து நிமிடத் தமிழுக்குள் வருவார்கள்.

மண்சரிவு அறிவிப்பு தனி விஷயம். 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போயின. 2016 மே மாதம் கேகாலை மாவட்டத்தின் அரநாயக்கவில் மலை இறங்கியது. 2017 மே மாத மழையில் இரத்தினபுரியும் களுத்துறையும் சேர்ந்து உயிர்களைப் பறிகொடுத்தன. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கைகளை வெளியிடுகிறது. அந்த எச்சரிக்கையில் பிரதேச செயலகப் பிரிவின் பெயர்தான் இருக்கும். எந்த லயத்துக்கு மேலே உள்ள பாறை, எந்த ஓடை கலங்கி வருகிறது என்பது இருக்காது. அதைத் தோட்டத்து ஆள்தான் அறிவார். தமிழ்நாட்டின் பாம்பனில் மீனவர்களுக்கென்று 2016 இல் தொடங்கிய ‘கடல் ஓசை’ 90.4 எஃப்எம் கடல் நிலவரத்தை மீனவர் பேச்சிலேயே சொல்கிறது. கேட்பவர் படகை இறக்குவதா வேண்டாமா என்று முடிவெடுக்கிறார். மலைக்கும் அப்படி ஒரு குரல் வேண்டும். ஒன்றைக் கவனிக்க வேண்டும்: மழை கடுமையானால் முதலில் போவது கரண்ட், அடுத்தது சிக்னல். இணைய வானொலியை மட்டும் நம்பி உயிரை வைக்க முடியாது. முதல்நாளே சொல்லிவைப்பதற்கும், வானம் இருண்டதும் குழுக்களில் குரல்பதிவு போடுவதற்கும் அது உதவும். அதற்குப் பிறகு பழையபடி தப்பும் கோயில் மணியும்தான்.

யாரைப் பகைப்பது

ஊர் வானொலிக்கு எதிரி கொழும்பில் இல்லை, ஊருக்குள்ளேயே இருக்கிறார். ஒரு சங்கத்துக்காரரைப் பேசவைத்தால் மற்றச் சங்கம் முறைக்கும். தண்ணீர்க் குழாய் பற்றிப் பேசினால் தோட்ட நிர்வாகம் அழைத்து விசாரிக்கும். அறிவிப்பாளரின் அப்பா அங்கே வேலை செய்தால் விசாரணை அப்பாவுக்கு வரும். யாருடைய மகள் யாரோடு போனாள் என்பதை ஒருதடவை வாய்தவறிச் சொன்னால் வானொலி அன்றோடு முடிந்தது.

சட்டமும் இருக்கிறது. 2024 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம் அந்த வருடம் பெப்ரவரி 1 அன்று நடைமுறைக்கு வந்தது. இணையத்தில் சொல்லும் பொய்யான கூற்றுகளுக்குத் தண்டனை வைக்கிறது. எது பொய் என்று தீர்மானிக்க ஓர் ஆணைக்குழுவுக்கு அதிகாரம் கொடுக்கிறது. ஊடகவியலாளர்களும் மனித உரிமை அமைப்புகளும் எதிர்த்தார்கள், நானும் எதிர்க்கிறேன். எதிர்த்தாலும் சட்டம் சட்டம்தான். செய்தித் தளங்கள் பதிவு செய்ய வேண்டும் என்று ஊடக அமைச்சு 2011 இலேயே அறிவித்ததும் நினைவில் இருக்கட்டும். முறையாகச் செய்தி வாசிக்கப் போகிறவர் முதலில் ஒரு சட்டத்தரணியிடம் கேட்டுக்கொள்வது நல்லது. குழாயில் தண்ணீர் வரவில்லை என்று சொல்லப்போகிறவர், குழாயைத் திறந்து போனில் படம் பிடித்து வைத்துக்கொண்டு, நிர்வாகத்திடமும் காரணம் கேட்டு, இரண்டையும் சேர்த்துச் சொன்னால் யாரும் பொய் என்று சொல்ல முடியாது. பெரிய பத்திரிகைகளில் இருபது வருடம் வேலை செய்தவர்களுக்கே இந்தப் பழக்கம் சிலநேரம் மறந்துபோகிறது.

தொடங்குகிறவர்களில் பெரும்பாலோர் ஆறாவது, ஏழாவது நிகழ்ச்சியோடு நிறுத்திவிடுவார்கள். சோர்வுதான் காரணம். முதல் வாரம் நாற்பது பேர் கேட்பார்கள், எல்லோரும் சொந்தக்காரர். மூன்றாவது வாரம் ஒன்பது பேர். அந்த ஒன்பது பேரில் ஒருவர் சவூதியில் வீட்டு வேலைக்குப் போன பெண்ணாக இருக்கலாம், இன்னொருவர் புறக்கோட்டைக் கடையில் இரவு கணக்கு முடிக்கும் பையனாக இருக்கலாம். அவர்களுக்கு எஹலியகொட பக்கத்தில் இன்றைக்கு மழையா என்று சொல்ல உலகத்தில் வேறு வானொலி கிடையாது. அதை உணர்ந்தவர் பத்தாவது வாரத்தையும் தாண்டுவார்.

நிகழ்ச்சி முடிந்ததும் பெரும்பாலோர் மறக்கும் வேலை ஒன்று பாக்கி இருக்கிறது: கோப்பைப் பத்திரப்படுத்துவது. தேதி, பேசியவர் பெயர், தோட்டத்தின் பெயர் மூன்றையும் கோப்பின் பெயரிலேயே எழுதுங்கள். பேசியவரிடம் முன்கூட்டியே சம்மதம் கேட்டுக்கொள்ளுங்கள், அதையும் பதிவிலேயே சொல்லவையுங்கள். 1996 இல் தொடங்கிய ‘இன்டர்நெட் ஆர்கைவ்’ இப்படிப்பட்ட பதிவுகளை இலவசமாக வாங்கி வைத்துக்கொள்கிறது. அங்கே ஒரு பிரதி. பென் டிரைவில் போட்டுத் தோட்டப் பாடசாலை நூலகத்துக்கு இன்னொன்று. வாரம் அரை மணி நேரம், 24 கிலோபிட், ஒரு வருடத்துக்கு 281 மெகாபைட். ஒரு ஜிபி இடத்துக்குள் மூன்றரை வருடம் அடங்கும். பாட்டியின் தாலாட்டும் குழாயில் தண்ணீர் வராத வாரமும் அதே கோப்புறையில் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கும்.